மேசை விளக்குக்குப் பச்சைக் கூண்டு

கண்டக்டர் வெற்றிசெல்வன் டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் மனைவிக்குச் சீட்டு எழுதினான். "அந்தத் துருப்பிடிச்ச மேசை விளக்கத் தூக்கிப் போடுங்க" என்று சண்டை போட்டுவிட்டு மணமேல்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போன கார்த்திகா மதியம் திரும்பி வருகிறாள்.

"கார்த்தி, மீன் கொழம்ப சுட வச்சுச் சாப்புடு. பீரோ சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்கு. வெளக்கத் தூக்கிப் போடல. துருவத் தேச்சு, கறுப்பு பெயிண்ட் அடிச்சு, வயரும் மாத்திட்டேன். ஈரமா இருக்கு, தொடாத."

பேனாவை மூடியும் மனசு கேட்கவில்லை. அடியில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினான்.

"மேல் கூண்டுக்குத் துணி இல்ல. பீரோவுல அடியில கெடந்த ஒன் பச்சைச் சேலைய வெட்டி ஒட்டிட்டேன். கோவிச்சுக்காத."

சாயங்காலம் பயந்துகொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். கார்த்திகா மாவு மில்லுக்குப் போயிருந்தாள். மேசையில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. சீட்டின் பின்பக்கம் அவள் கையெழுத்து.

"அது ஒங்க அக்கா எடுத்துக் குடுத்த சேலை. அந்தக் கலர எப்படிக் கட்டுறதுன்னு ரெண்டு வருஷமா முழிச்சுக்கிட்டு இருந்தேன். வெளக்குக்கு எடுப்பா இருக்குங்க. அக்கா கேட்டா, வெட்டுனது நீங்கதான்னு சொல்லிருவேன்."