வலது மேலே

ஜப்பான்,
தை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் பாண்டிமீனா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது. ஆனாலும் சளி, இருமல் எதுவும் இல்லை. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்துபோனால் சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். வாங்கித் தேயுங்கள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்களுக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், தாயில்பட்டித் தெருவே கேட்கும். இது தெரு கேட்க வேண்டிய விஷயம்தான். ஆனால் முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, லட்சுமிகாந்தம் முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் இருந்து வீட்டுக்கு வீடு தினசரி காலண்டர் கொடுத்தார்கள், அவர் படம் போட்டிருந்தது, நான் வாங்க மாட்டேன் என்று திருப்பி விட்டுவிட்டேன் என்றீர்கள். "அந்த மூஞ்சிய என் வீட்டுச் சுவத்துல மாட்டவா?" என்று கோபப்பட்டீர்கள். ஏதோ வெளிநாட்டு உடுப்பு போட்டு, பின்னால் பனியும் ஏரியுமாக, சுற்றி ரோசாப்பூ பார்டர் வைத்து அடித்திருப்பதாகச் சொன்னீர்கள்.

அந்தப் படத்தை எடுத்தது நான்தான் அப்பா.

நான் வேலை பார்க்கும் ஓட்டல் ஏரிக்கரையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே பூமிக்கு அடியில் இருந்து வெந்நீர் தானாக வருகிறது. அதில் குளிக்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். நோய்க்கு மருந்து என்கிறார்கள். தண்ணீர் முழுக்கக் கந்தக வாடை. நான் வந்த முதல் நாள், குளிக்கிற இடத்துக் கதவைத் திறந்ததும் அம்மா பட்டாசு வேலை விட்டு வந்து பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். கூட வேலை பார்க்கும் யூகி அக்கா, நாற்றம் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, போகப் போகப் பழகிவிடும் என்று முதுகைத் தட்டினார்.

கார்த்திகைக் கடைசியில் லட்சுமிகாந்தம் முதலாளி இங்கே வந்தார். அவர் வீட்டம்மாவும், இன்னொரு பட்டாசு முதலாளியும் கூட வந்திருந்தார்கள். இங்கே விருந்தாளி வந்தால் மண்டியிட்டு, நெற்றி பாயில் படும்படி கும்பிட வேண்டும். அதுதான் எங்கள் வேலை. அந்த ஆளுக்கு நான் அப்படிக் கும்பிட்டேன். முகத்தில் மாஸ்க், உடம்பில் ஓட்டல் உடுப்பு. என்னைப் பார்த்து, "நேபாளத்துப் பிள்ளை போல" என்றார். எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் இடுப்புக் கட்டில் செருகிக்கொண்டேன். பக்கத்திலேயே கொதிக்கிற சூப்புச் சட்டி இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு அவர்கள் அறையிலேயே. நான்தான் பரிமாறினேன். அரிசிச் சாராயம் உள்ளே போகப் போக அவர் குரல் உயர்ந்தது. உங்க யூனிட் வெடிச்ச கேஸ் என்னாச்சு என்று கூட வந்தவர் கேட்டார். அதற்கு அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். "முந்தின நாள் மழையில மிச்சம் விழுந்த வெடிமருந்து அது. லோடு ஏத்தவேண்டிய ஆர்டரு, கீழ கொட்ட மனசு வரல. காலையில அந்தப் பொம்பள கேட்டுச்சு, 'முதலாளி, நேத்து மருந்து மாதிரி இருக்கு, தொட்டாச் சுடுதே'ன்னு. ஒண்ணும் செய்யாது, அள்ளுன்னேன். அப்புறம், அவதான் மருந்த ஓங்கி இடிச்சுட்டான்னு நானே சொல்லிப்புட்டேன். செத்தவ வந்து இல்லைன்னா சொல்லப்போறா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அவர் கிண்ணத்தை நிரப்பினேன்.

அப்பா, கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிஞ்சினால் அழித்துவிட வேண்டும், வைத்தால் தானே சூடேறி வெடிக்கும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே சொன்னது அம்மாதான். அந்த அம்மாவா ஓங்கி இடித்திருப்பாள்? செத்த வீட்டில் எல்லோர் முன்னாலும் அவர் அப்படிச் சொன்ன நாளில் இருந்து, அம்மாவோடு செத்த நாலு பேர் வீட்டிலும் நம் வீட்டுத் தண்ணீரைக்கூட யாரும் குடிப்பதில்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற வேனில் உங்கள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. செல்வலட்சுமி சித்தி, அந்த நாலு பேரில் ஒருத்தரான ஊர்க்காவலன் சித்தப்பாவை நம் வீடுதான் முழுங்கிவிட்டது என்று மண்ணை வாரித் தூற்றினார். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. உங்களுக்கே சந்தேகம் இருந்ததா அப்பா? இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இனி இருக்கக் கூடாது.

சாப்பிட்டு முடித்ததும் வெந்நீரில் குளிக்கப் போகிறேன் என்று கிளம்பினார். அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருப்பதை வந்தவுடனேயே அவர் வீட்டம்மா கைடு மூலமாகச் சொல்லியிருந்தார். சாராயம் குடித்துவிட்டு அந்தச் சூட்டில் இறங்கினால் நெஞ்சு நின்றுபோகும். நான் சும்மா இருந்தால் போதும், கை படாமல் காரியம் முடிந்துவிடும். வாசலில் நின்று யோசித்தேன். அப்புறம் ஓடிப்போய் யூகி அக்காவிடம் சொல்லி மறித்துவிட்டேன். நான் நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே செத்தால் அவருக்குப் பெட்டி வரும், மாலை வரும், விருதுநகர் வரைக்கும் பிளக்ஸ் வைப்பார்கள், நம் ஊர்க்காரர்களே வரிசையில் நின்று அழுவார்கள். உண்மை அவரோடு சேர்ந்து எரிந்து, அம்மா பேரில் உள்ள பழி அப்படியே நிலைத்துவிடும். அவர் உயிரோடு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் காலண்டருக்குப் படம் எடுக்க வேண்டும், சிவகாசியில் பிரஸ்காரர் காத்திருக்கிறார் என்றார்கள். ஓட்டல் கொடுத்திருந்த யுகாட்டாவை எடுத்தார். யுகாட்டா என்பது அங்கி மாதிரி, முன்னால் ஒன்றின் மேல் ஒன்று மடித்துக் கட்டுவது. சட்டை போடுகிற பழக்கத்தில் இடப்பக்கத்தை மேலே விட்டுச் சரியாகத்தான் கட்டினார். அவர் வீட்டம்மாதான் அவிழ்த்துவிட்டார். "வருசம் பூராச் சுவத்துல தொங்கப்போற படம். வலதுதான் மங்களம், வலது மேல வரட்டும்" என்று மாற்றிக் கட்டிவிட்டார்.

இங்கே உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோருக்கும் இடது மேலே. வலது மேலே வரும்படி பிணத்துக்குத்தான் உடுத்துவார்கள். விருந்தாளி தெரியாமல் மாற்றிக் கட்டினால் பதறிப்போய் ஓடிவந்து சரிசெய்ய வேண்டும். அதுவும் எங்கள் வேலைதான்.

நான் அப்போதுதான் தமிழில் வாயைத் திறந்து, படம் நான் எடுத்துத் தரட்டுமா என்றேன். முதலாளிக்குத் திக்கென்று ஆகிவிட்டது. நேற்று ராத்திரி பரிமாறியது நீயா என்று கேட்டார். இல்லைங்க, அது வேறு பிள்ளை, நான் மதுரைப் பக்கம் என்றேன். மாஸ்க் போட்டால் எல்லோரும் ஒன்றுதானே. அவருக்கு முகம் தெளிந்தது. வலப்பக்கத்தைத் தடவிக்கொண்டே, "இப்படிக் கட்டலாம்லம்மா? தப்பு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யாதுங்க முதலாளி" என்றேன்.

அப்பா, அந்தச் சொல்லைச் சொல்லத்தான் நான் கடல் தாண்டி வந்தேனோ என்று தோன்றியது. யூகி அக்கா பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போய் ஓடிவந்தார். எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் இப்படித்தான் கட்டுவார்கள், திருத்தினால் மனம் நோவார் என்று பொய் சொன்னேன். பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் ஏரி தெரிய நிறுத்தி, அவர் போனிலேயே எடுத்துக் கொடுத்தேன். மற்ற விருந்தாளிகள் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போனார்கள். மரியாதை கொடுக்கிறார்கள் என்று அவர் எல்லோருக்கும் கையசைத்தார். கழுத்தில் ஒரு மாலை இருந்தால் எடுப்பாக இருந்திருக்கும் என்று வேறு வருத்தப்பட்டார். அந்தக் குறையையும் பிரஸ்காரர் ரோசாப்பூ பார்டர் போட்டுத் தீர்த்துவைத்துவிட்டார்.

இதனால் அம்மா திரும்பி வரப்போவதில்லை. அது தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

இப்போது நீங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். செல்வலட்சுமி சித்தி வீட்டுக்குப் போங்கள். கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று இதை வாசியுங்கள். முந்தின நாள் மழை பெய்து, மருந்து மிஞ்சிவிட்டது என்று சித்தப்பா வீட்டில் வந்து சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். சித்திக்கு ஞாபகம் இருக்கும், கேளுங்கள். அவர் வாயால் அது வந்துவிட்டால் மற்ற மூன்று வீட்டுக்கும் அவரே கூட்டிக்கொண்டு போவார். சித்தியின் கோபம் நமக்குத் தெரியாததா? இவ்வளவு நாள் வீடு மாறி எரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது, அந்தக் காலண்டரைக் கேட்டு வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள். அம்மா படத்துக்கு நேர் எதிரே மாட்டுங்கள், அம்மா கண்ணில் படட்டும். நம் தெருவில் வீட்டுக்கு வீடு அவர் பிணக்கோலத்தில் தொங்குகிறார். காலையில் எழுந்து தேதி கிழிக்கிறவர்கள் எல்லோருக்கும் அது தெரிய வேண்டும். விஷயம் அவர் காதுக்கும் எப்படியும் போகும். ஒவ்வொரு காலண்டராகக் கழற்றி வாங்க அவரே தாயில்பட்டிக்கு வரட்டும். அப்படி வந்தால், தெரு கேட்க அம்மா பேரைச் சொல்லி, "நேத்து மருந்தைத்தான் அள்ளச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுக் கழற்றிக்கொண்டு போகட்டும்.

அதுவரைக்கும் அதைச் சுவரில் இருந்து இறக்காதீர்கள் அப்பா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
மதுரைப் பக்கம் இல்லை, தாயில்பட்டி இருளம்மாள் மகள்
பாண்டிமீனா