திருப்பி அனுப்பும் நன்றி

கோவில்பட்டி,
மார்ச் 9.

மதிப்பிற்குரிய கிருஷ்ணப்ரியா டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையில் உங்கள் பதுளைப் பக்கம் மழை விட்டுப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். நிவாரண முகாமில் எல்லோரும் நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. கரிசல் பாளம் பாளமாக வெடிக்கிறது.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் உங்கள் தேயிலைத் தோட்டத்து மண்சரிவுச் செய்தி வந்ததும், எங்கள் வியாபாரிகள் அறக்கட்டளை, தீப்பெட்டி முதலாளிகள் அறக்கட்டளை, பசுவந்தனை விவசாயிகள் அறக்கட்டளை மூன்றும் சேர்ந்தோம். ஒரே வாரத்தில் முந்நூறு கம்பளியும், பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாயும் சரக்குக் கிட்டங்கியில் அடுக்கியாயிற்று. கதவுக்கு மூன்று பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி.

மூட்டையில் யார் பெயர் முதலில் என்பதில் வந்தது வினை. பணம் அதிகம் தந்தவர்கள் நாங்கள் என்றார் தீப்பெட்டிக் கண்ணபிரான். யோசனையே எங்களுடையது என்றார் பசுவந்தனை கொம்பையா. எங்கள் பதிவுதான் பழையது என்றேன் நான். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

உங்களிடம் முன்கூட்டியே நன்றிக் கடிதம் கேட்டது அந்தப் போட்டியில்தான். நீங்களும் குளிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயரை முதலில் போட்டு மூன்று கடிதம் எழுதினீர்கள். கூட்டத்தில் வாசித்துக் கைதட்டினோம். கிட்டங்கியைத் திறக்கவில்லை.

ஜனவரியில் மற்ற இருவரும் சமாதானமாகிக் கிட்டங்கி வாசலில் சாவியோடு வந்து நின்றார்கள். எங்கள் பெயர் மூன்றாவதாக வருகிறதே என்ற வீம்பில் நான் போகவில்லை. வெளியூரில் இருக்கிறேன் என்று போனில் பொய் சொன்னேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் பெயரை முதலில் போட்டு நீங்கள் எழுதிய கடிதத்துக்குச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தேன். போன வாரம் என் மனைவி வள்ளிமயில் அதைப் படித்துவிட்டு, “அனுப்பாத சாமானுக்கு நன்றி வாங்கி ஆணியடிச்சு மாட்டியிருக்கீயளே, வெக்கமா இல்லையா?” என்றாள். அன்றே சாவியை மற்ற இருவரிடமும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மிட்டாய் முழுவதும் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை. குப்பையில்தான் கொட்டினோம். புதிதாக வாங்கி வைக்கலாம் என்றால் உணவுப் பொருளைக் கடல் தாண்டி அனுப்ப வாங்கிய அனுமதியும் முடிந்துபோயிற்று. மிட்டாய் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் என்ன சொல்வீர்களோ, தெரியவில்லை. கம்பளி மட்டும் கப்பலேற நேற்று தூத்துக்குடிக்குப் போய்விட்டது, யார் பெயரும் இல்லாத மூட்டைகளில். குளிர் போன பிறகு கம்பளி.

உங்கள் கடிதத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அந்தப் பிள்ளைகளைச் எங்கள் ஊர் செண்பகவல்லி அம்மன் காப்பாற்றட்டும். மூட்டை கைக்குக் கிடைத்தால் கிடைத்தது என்று ஒரு வரி போதும். நன்றி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் டீச்சர்.

இப்படிக்கு,
நீங்கள் அண்ணா என்று அழைத்த
பூவனநாதன்