பக்கத்து நாற்காலிக்காரர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கையும் நலம். அங்கே நீ, மருமகள், குட்டி எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், என்மேல் கோபமாக இருந்தாலும் சௌக்கியமாக இருங்கள். போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

முதலில் நீ வாங்கி அனுப்பிய பேசும் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். மாத்திரை நேரம் சொல்கிறது, செய்தி வாசிக்கிறது, என்னை அம்மா என்று வேறு கூப்பிடுகிறது, நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு நீ, உன் பழைய கதையெல்லாம் தினமும் அதுகிட்ட சொல்லிட்டு வாம்மா, குட்டி பெரியவளானதும் உன் குரலிலேயே அவளிடம் பேசும் என்றாய். 'நீ போன பிறகு' என்கிற வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் பூராவும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான், விழுங்கின வார்த்தைதான் எனக்கு முதலில் கேட்கும். சரி, பிள்ளை ஆசைப்படுகிறான் என்று கொஞ்சம் சொன்னேன். அது என்ன செய்தது, வீட்டுக்கு யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று உனக்குப் போட்டுக்கொடுத்துவிட்டது. நீயும் எடுத்த எடுப்பிலேயே, "யாரும்மா அது, உன் வீட்டுல உக்காந்து சிரிக்கிற ஆம்பள?" என்று கேட்டாய்.

யார் என்று சொல்கிறேன், கேள். டயாலிசிஸ் அறையில் ஜன்னலோர நாற்காலி அவருடையது, அதை அடுத்தது என்னுடையது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், மனைவி போய் வெகுகாலம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ஒரு கையில் ஊசியும் குழாயும், இன்னொரு கையில் புத்தகம், அதையும் வாய்விட்டுத்தான் வாசிப்பார். "மெதுவா வாசிங்க, இது ஆஸ்பத்திரி" என்றேன். "கேக்கப் பிடிக்கலைன்னா காதைப் பொத்திக்கோங்க" என்றார். எனக்கும் ஒரு கைதானே சும்மா இருக்கிறது, பொத்தாத காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. விண்வெளியில் நடக்கிற ஒரு நாவல். ஒரு விஞ்ஞானி அம்மாள், அவள் உண்டாக்கிய ஒரு செயற்கை மூளை. அவளுக்குத் தீராத நோய் வருகிறது. அந்த மூளைக்கோ அவள்மேல் உயிர். உன் நினைவையெல்லாம் எனக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறேன், நீ சாகவே வேண்டாம் என்று கெஞ்சுகிறது. அவள் முடியாது என்கிறாள். இருக்கிற மட்டும் என் பக்கத்தில் இரு, அது போதும் என்கிறாள். கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "திமிர் பிடிச்சவ, சரின்னு சொன்னா என்ன கொறைஞ்சு போகுது?" என்றார். நான் விடவில்லை. "அது எடுத்து வெச்சுக்கப் போறது அவளை இல்லீங்க, அவ மாதிரி ஒரு பொம்மையை. அவ வலிக்கு மருந்து கேக்கறா, அது தன் பயத்துக்கு மருந்து தேடுது" என்றேன். அன்றிலிருந்து போகிற நாளெல்லாம் சண்டைதான், ரத்தம் சுத்தமாகி முடிவதே தெரியாது. அங்கே முடியாத சண்டை வீடு வரைக்கும் வந்தது, உன் பெட்டி கேட்டது அதைத்தான்.

போன மாதம் ஒரு காலை, வாசித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார், புத்தகம் கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால் உதடெல்லாம் வெளுத்து, தலை சாய்ந்து கிடக்கிறது. எட்டினால் தொட்டுவிடலாம், ஆனால் நான் குழாயில் கட்டுண்டு கிடக்கிறேன். நர்ஸ் நர்ஸ் என்று நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்தவர்கள்கூட ஓடி வந்தார்களாம். பி.பி. இறங்கிவிட்டது, காலைத் தூக்கி வைத்து மருந்து ஏற்றினார்கள், கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். திறந்ததும், "பக்கம் போயிடுச்சே, எங்க விட்டேன்?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அப்போதே நான்தான் கேட்டேன், ஆமாம், நான்தான், உன் பெட்டி அங்கே இல்லாததால் உனக்குத் தெரியாது. "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றேன். அவர், "எனக்கு எத்தனை நாளுன்னு டாக்டருக்கே தெரியாதும்மா" என்றார். "எனக்கு மட்டும் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்காங்களா?" என்றேன்.

கல்யாணம் என்று போனில் சொன்னதற்குத்தான் நீ அன்று, ரெண்டு பேரும் நோயாளி, யாரு யாரைப் பாத்துக்கறது, இந்த வயசுல இது தேவையா, செஞ்சா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கத்தினாய். யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்றால், முடிந்தவர் முடியாதவரைப் பார்த்துக்கொள்வோம், மறுநாள் மாற்றிக்கொள்வோம். இந்த வயதில் என்றால், இந்த வயதில்தான் தேவை. உன் அப்பாவை நான் மறக்கவில்லை, அவரோடு வாழ்ந்ததால்தான் பக்கத்தில் ஆள் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் போன பிறகு என் குரல் வேண்டும் என்கிறாய், இருக்கும்போது அந்தக் குரல் ஆசையாக ஒன்று சொன்னால் போனை வெட்டுகிறாய், இது என்ன நியாயம்? குட்டிக்குக் கதை வேண்டுமானால் கூட்டிக்கொண்டு வா, மடியில் உட்கார வைத்துச் சொல்கிறேன். என்னைப் பெட்டியில் போட்டு வைக்க நான் சம்மதிக்கவில்லை. அதை உன் தங்கையிடம் கொடுத்து உனக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

நீ வந்து தடுப்பதற்கும் ஒன்றும் இல்லை, புதன்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். உன் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள், சாட்சிக் கையெழுத்துப் போடும்போது அழுதாள், போட்ட பிறகு அவருக்குப் படியிறங்கக் கை கொடுத்தாள். நர்ஸ் இன்னொரு சாட்சி. மறுநாள் வழக்கம்போல டயாலிசிஸ்.

நீ நன்றாக இருக்க வேண்டும், மருமகளும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. வலிக்கிறது என்றாயே, அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே. இன்னொன்று, இனி நீ கூப்பிட்டால் போனை அவர் எடுக்கக்கூடும். அப்பா என்று சொல்ல வேண்டாம், அவரும் எதிர்பார்க்கவில்லை. சார் என்று மட்டும் சொல்லிவிடாதே, கடை ஞாபகம் வந்து என்ன பவர் என்று கேட்பார். ஒன்றுமே வாயில் வராவிட்டால் சும்மா இருமு, நீதான் என்று தெரிந்துகொண்டு என்னிடம் கொடுத்துவிடுவார். ஆனால் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
உன் அம்மா