பின்னால் வருவது கணக்கில் இல்லை

ஆகஸ்ட் 18, ஞாயிறு
காட்டுச் சாலையில் பதினோரு வண்ணத்துப்பூச்சி. செப்டம்பர் முடியும்வரை ஞாயிறுதோறும் மனைவி எண்ணிவரும் கணக்கு, இப்போது என் தலையில். அவளுக்கு வலது கண்ணில் விழித்திரை ஆபரேஷன். ஒரு வாரம் குப்புறவே கிடக்க வேண்டுமாம். கல்யாணத்தன்றுகூட இவள் இப்படித் தலைகுனிந்ததில்லை.

"பதினொண்ணுதானா? நடந்தீங்களா, ஓடினீங்களா?" என்றாள் தலையணைக்குள்ளிருந்து.

ஓடத்தான் செய்தேன். பார்சல் வேன் ஓட்டுகிறவனைப் போய் மெதுவாக நட என்றால்?

ஆகஸ்ட் 20
சோறு இறங்கவில்லை. இடது கண் ஏற்கெனவே மங்கல். இதுவும் போய்விட்டால்? "பொறுத்துத்தான் பாக்கணும்" என்கிறார் டாக்டர். அதுதானய்யா எனக்கு வராது!

ஆகஸ்ட் 24, சனி
நிமிர்ந்து உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"என்ன தெரியுது?"

"வெளிச்சம்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

பார்வை மெல்ல வரலாம், வராமலும் போகலாமாம். இதைச் சொல்ல ஒரு டாக்டர்!

ஆகஸ்ட் 25, ஞாயிறு
போக மாட்டேன் என்றேன். விரட்டிவிட்டாள். "முன்னால பறக்கிறத மட்டும் எண்ணுங்க. பின்னால வர்றது கணக்குல இல்ல. திரும்பித் திரும்பிப் பாத்தா ஒண்ணையே ரெண்டு தடவ எண்ணுவீங்க."

திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். வீட்டில் அவள் தனியாக. அடுப்புப் பக்கம் போயிருப்பாளோ? பாதியில் திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு
முப்பத்திநாலு. கைக்குட்டையில் இரண்டு வந்து உட்கார்ந்தன. வியர்வையின் உப்புக்கு வருமாம். "அப்ப உங்களுக்குக் கூட்டம் கூடுமே" என்று சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 4
மேஜை என்று நினைத்து டம்ளரைக் காற்றில் வைத்தாள். உடைந்தது. "பாத்து வைக்கக் கூடாதா!" என்று கத்திவிட்டேன். பாத்து! யாரிடம் போய்... என் வாயில் மண்.

அவள் குனிந்து தரையைத் தடவிச் சில்லுகளைத் தேடினாள். வைதிருக்கலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு
மழை. போகவில்லை. அறைக்குள்ளேயே நடந்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு
தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். வளைவு தாண்டியதும் சட்டையை இழுத்தாள்.

"அசையாதீங்க."

"ஏன், கால் வலிக்குதா?"

"உங்க காலர்ல ஒண்ணு. குட்டியா... நீலம். ஓரத்துல கறுப்புக் கோடு."

நின்றேன். அது பறந்தது என்று அவள் சொல்லும்வரை நின்றேன். திரும்பாமல், முன்னால் பார்த்தபடியே அழுதேன்.

இன்று இருபத்தேழு. காலரில் இருந்தது பின்னால் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.