ஓடாமல் நடந்தேன்

2008, புரட்டாசி, செவ்வாய்

ரெண்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். பெருங்குடலுக்குள்ள புண்ணு. கடைசியா போன அன்னைக்கு வயிறு முறுக்கி, கக்கூஸுக்கு நான் எந்திரிச்சு ஓடினதைப் பார்த்து, தீப்பிடிச்சிருச்சுன்னு அறையில இருந்த எல்லாரும் வெளியே ஓடிட்டாங்க. அதை நினைச்சே பயந்து கிடந்தேன்.

இன்னைக்கு மத்தியானமும் லேசா முறுக்கிச்சு. நான் எந்திரிச்சதும் எல்லார் கையும் நின்னுபோச்சு. பக்கத்துல திரி சொருகிக்கிட்டிருந்த செல்வி, "ஓடணுமாக்கா?"ன்னு மெதுவா கேட்டா.

"இல்லத்தா. அடக்க முடியுது."

நடந்தே போனேன். முன்ன மாதிரி ரத்தம் போகலை. அங்கனயே சுவத்துல சாஞ்சு கொஞ்ச நேரம் அழுதேன்.

மதுரை டாக்டர் பழைய மாத்திரையோட, புண்ணு ஆற உதவும்னு ஆன்டிஆக்ஸிடன்ட்னு ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தாரு. எது கேட்டுச்சோ தெரியலை. "நல்லாயிருச்சுன்னு எதையும் நீங்களா நிறுத்திராதீங்க"ன்னு சொல்லியிருக்காரு. அடுத்த மாசம் மறுபடி குடலுக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணுமாம். அதுல என்ன தெரியுமோ.

ராத்திரி வீட்டுக்காரர், "வயிறு எப்படி இருக்கு?"ன்னு கேட்டாக. "பசிக்குது"ன்னேன். ரெண்டு மாசத்துல இன்னைக்குத்தான் அந்த வார்த்தையைச் சொல்றேன். அவுகளே எந்திரிச்சுப் போயி தோசை ஊத்துனாக. ஓரமெல்லாம் கருகிப்போச்சு. மூணு தின்னேன். இப்ப கண்ணு சொக்குது.