மூச்சு முட்டிய அம்பாசிடர்

21.10.86
பச்சியப்பன் அண்ணனின் டாக்சி இன்றும் தொப்பூர் மேட்டில் நின்றுவிட்டது. பத்து மைல் ஓடுகிறது, நிற்கிறது. கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. இன்று கல்யாணப் பெண்ணையே இறக்கிவிட்டுத் தள்ளினார்களாம். கார்புரேட்டரை மூன்றாம் முறையாகக் கழுவினேன். என் முகத்தைக்கூட இப்படிக் கழுவியதில்லை.

24.10.86
புது பெட்ரோல் பம்ப் மாட்டினேன். மறுபடியும் நின்றது.

26.10.86
எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "வண்டிக்கு வயசாயிடுச்சுங்கண்ணா, வித்துடுங்க" என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டேன்.

"இத வித்துட்டு என்ன பண்றது இன்னாசி? இண்டூர்ல எனக்குக் காடா, கழனியா?" என்றார். அரூர்க்காரர் ஒருவர் புதன்கிழமை பார்க்க வருகிறாராம்.

28.10.86
விற்கும் முன் கழுவித் துடைக்க வண்டியை விட்டுப்போனார். கடைசியாக ஒருமுறை ஓட்டிவந்து டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் குண்டூசி நுழையும் துளை ஒன்று உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் டேங்குக்குள் காற்று போக வேண்டும்; போகாவிட்டால் பெட்ரோல் இன்ஜினுக்கு வராது. வாயில் வைத்து ஊதினேன். போகவில்லை. இன்னும் ஊதினேன் — கன்னம்தான் உப்பியது. ஊசியால் குத்தினால் வருகிறது, காய்ந்த சந்தனம்!

ஆயுத பூஜைக்கு வைத்தது யார்? நான்தான். வேதக்காரன் கடை, பூஜை போடமாட்டான் என்று யாரும் குறை சொல்லக் கூடாதே என்று பானெட், ஸ்டியரிங், மூடி — ஒன்றையும் விடாமல் அப்பினேன்.

"பேசாம குத்திவுட்டுக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியும்?" என்றாள் மனைவி லூர்தம்மாள். ஆனால் நாளைக்கு வண்டி கைமாறிவிடுமே! அடப்பாவி இன்னாசி, உனக்கு எதுக்குடா அந்த வாய்?

29.10.86
விடிந்ததும் இண்டூர் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. "பதினஞ்சு நாளா சவாரி இல்லாம வூட்ல நான் தலை நிமிரல" என்றார், அவ்வளவுதான். அரூர்க்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லை.

12.11.86
டாக்சி இப்போது மேட்டில் நிற்பதே இல்லையாம். பஞ்சர் ஒட்ட என்னிடம் வராமல் இன்னொரு மெக்கானிக் மாதுவின் கடைக்குப் போயிருக்கிறார். வயிறு எரிகிறது. யாரை நோவது?

3.12.86
பச்சியப்பன் அண்ணன் வந்தார். பிரேக் பார்க்க வேண்டுமாம். முன்பெல்லாம் சாவியை வீசிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். இன்று கடைசி நட்டை முறுக்கும்வரை பக்கத்திலேயே குந்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டிக் காட்டித்தான் மாட்டினேன்.