என் பேரில் நீங்கள் பின்னிய கூடைகள்

அண்ணா,

நேற்று பெரிய கடைவீதிக்கு சீரகம் வாங்கப் போனேன். வயர்க் கடை வாசலில் புதுக் கட்டுகளை வெயிலில் தொங்கவிட்டிருந்தார்கள். சூடேறிய பிளாஸ்டிக் வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அது நாற்றமாகத்தான் இருக்கும். எனக்கு நீங்கள் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. "என்ன கலருங்க வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊதாவில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்குத்தான் கூடை பின்னத் தெரியாதே. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அஞ்சாவதோடு நின்றவள் நான். நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது. உங்கள் மகளிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை. அதனால் எழுதியாவது வைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு என்னை சிங்காநல்லூருக்குக் கூட்டிவந்து, உங்கள் வீட்டுக்கு மூன்று சந்து தள்ளி ஒரு லைன் வீட்டில் குடிவைத்தீர்கள். நீங்கள் வேலை பார்த்த மில்லுக்குப் பக்கத்து மெஸ்ஸில் விடியற்காலையில் மாவாட்டுகிற வேலையும் பிடித்துக் கொடுத்தீர்கள். பகலில் சும்மா இருந்தால் புத்தி கெட்டுப்போகும் என்று பக்கத்து வீட்டு சரசக்கா எனக்கு வயர் கூடை பின்னக் கற்றுக்கொடுக்க வந்தாள். ஒரு வாரம் பாடுபட்டாள். எனக்கு விரல் வளையவே இல்லை. முதல் முடிச்சு விழுந்தால் இரண்டாவது அவிழ்ந்துவிடும். நீங்கள் முதல் ஷிப்ட் முடிந்து, சங்கு ஊதியதும் நேராக என் வீட்டுக்கு வந்து டீ குடிப்பீர்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சரசக்காவின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் அவள் எழுந்து போனதும், "அதை இப்புடிக் குடு அம்மிணி" என்று வாங்கினீர்கள். நான் டீ டம்ளர் கழுவி வருவதற்குள் இரண்டு வரிசை ஏறியிருந்தது.

மறுநாள் சரசக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடேயப்பா, கள்ளி! தெரியாத மாதிரி இருந்துபோட்டு எப்புடிப் பின்னிவெச்சிருக்கற பாரு" என்றாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். மீசை வைத்த ஃபிட்டர், சின்ன வயதில் கபடிக்குப் பேர்போன ஆள், நாலு பேர் எதிரில் குரலைத் தாழ்த்தத் தெரியாத மனிதர், அன்றைக்குத் தரையைப் பார்த்தீர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆரம்பம் அவ்வளவுதான்.

"மில்லுல தெரிஞ்சா என்னைக் கூடைக்காரின்னே கூப்புடுவானுக. நான் செத்தாலும் சொல்லப்படாது, ஆமா" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

அப்புறம் எத்தனை வருஷம்! கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு சுவரில் சாய்ந்து உட்காருவீர்கள். சிவன் கண், நெல்லிக்காய் என்று சரசக்கா எனக்குச் சொல்லிக்கொடுக்கிற முடிச்செல்லாம் உங்கள் கையில் வந்து உட்காரும். அவளுக்கே தெரியாத முடிச்சும் வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கூடை பறந்து வந்து என் மடியில் விழும். கையோடு என்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். "எப்பப் பாத்தாலும் கூடையையே கட்டிட்டு அழு. வேலைக்குப் போயிட்டு வந்த அண்ணனுக்கு ஒரு டீ வெக்க நாதியில்ல!" சரசக்கா உள்ளே வந்துகொண்டே, "ஏனுங்ணா, அதுவே புருசன் போயி இதுலதான் மனசைத் தேத்திக்குது. நீங்க வேற ஏனுங்க வையறீங்க?" என்று உங்கள் மேல் பாய்வாள். அவள் போன பிறகு நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இந்தச் சுவருக்குத் தெரியும். அண்ணிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "தங்கச்சி ஊட்டுல அப்புடி என்னதான் வெச்சிருக்குதோ, நித்தமும் அங்கயே போய் உக்காந்துக்கறாரு" என்று என்னிடமே கேட்பார்கள்.

நம் வீதியில் கல்யாணமாகிப் போகிற பெண் கையில் நம் வீட்டுக் கூடை ஒன்று இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்தப் பெண் சொல்கிற இரண்டு கலரில், பலகாரம் வைத்துப் புருஷன் வீட்டுக்கு எடுத்துப்போக. யாரும் எழுதிவைக்கவில்லை, அதுவாக வந்த வழக்கம். பெண்ணைப் பெற்றவர்கள் என்னிடம் வந்து, "உன்ற கையால ஒண்ணு போட்டுக் குடு கண்ணு, புள்ள நல்லாருக்கட்டும்" என்பார்கள். நான் தலையாட்டுவேன். சாயங்காலம் உங்களிடம் கலரைச் சொல்வேன்.

உங்கள் மகள் மேகலாவுக்கு மட்டும் கல்யாணம் வரைக்கும் காத்திருக்கவில்லை நீங்கள். அவள் ஆறாவது சேர்ந்தபோது சாப்பாட்டுக் கூடை. மில்லில் இருந்து அளவுக்கருவி கொண்டுவந்து அவள் சாப்பாடு எடுத்துப்போகிற தூக்குப்போசியின் சுற்றளவைப் பிடித்தீர்கள், மிஷின் பாகம் அளக்கிற மாதிரி. "ஆட்டம் இருக்கக் கூடாது அம்மிணி, ஓடறப்பக் குழம்பு சிந்தும்" என்றீர்கள். பிறகு ஊசிநூல் வைக்க ஒன்று, ரிப்பன் வைக்க ஒன்று. அவள் பத்தாவது பாஸானதற்கு மயில் கழுத்து நிறத்தில், மூடி போட்ட கூடை. எல்லாவற்றையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்களே குடுங்கண்ணா" என்று ஒரு தடவை சொன்னேன். "எனக்குப் பேசத் தெரியல அம்மிணி. அந்தப் புள்ளகிட்ட எது பேசுனாலும் சத்தமாத்தான் வருது" என்றீர்கள்.

அவள் பெரிய மனுஷியான சீர் அன்றைக்கு, பச்சையும் சிவப்புமாகப் பின்னின கூடையில் வெற்றிலை பாக்கு வைத்து அவளே பந்தல் முழுக்கச் சுற்றிக் கொடுத்தாள். பெண்டுகள் எல்லாம் கூடையைத்தான் பார்த்தார்கள். "அத்தை பின்னுனது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். தாய்மாமன் காலில் விழுந்து எழுந்ததும் நேராக என் காலில் வந்து விழுந்தாள். நீங்கள் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கமாக வந்து, யாருக்கும் கேட்காமல், "கைப்பிடி ஒரு பக்கம் சாஞ்சிருச்சு, பாத்தயா?" என்றீர்கள். அவ்வளவு ஜனத்தில் உங்கள் கண்ணுக்கு அதுதான் பட்டது.

மேகலாவை முதல் வரன் வந்து பார்த்துவிட்டுப் போனதுமே நீங்கள் மஞ்சளும் ஊதாவும் வாங்கிவந்துவிட்டீர்கள். "வரன் அமைஞ்சுபோச்சுன்னா அப்பறம் நேரம் இருக்காது." அடி முடிந்து ஏழு வரிசை ஏறியிருந்தது. அந்த வரன் தட்டிப்போயிற்று. அடுத்த வாரம் மில் கேட்டுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்றார்கள். நான் மாவுக் கையோடு ஓடிவந்தபோது பெஞ்சில் படுக்கவைத்திருந்தார்கள். அண்ணி உங்கள் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள்காட்டி விரலில் வயர் இழுத்து இழுத்துப் பதிந்த கோடு இருந்தது. "இதென்ன இப்புடிக் கோடு?" என்று என்னைக் கேட்டார்கள். "மில்லு வேலைங்க அண்ணி" என்றேன். அப்போதும் அப்படித்தான் சொன்னேன்.

ஒன்றரை வருஷம் கழித்து மேகலாவுக்குப் பொள்ளாச்சியில் இடம் அமைந்தது. நிச்சயம் முடிந்த அன்றைக்கே என்னைக் கட்டிக்கொண்டாள். "அத்தே, அப்பா போனதுல இருந்து நீங்க கூடையே தொடறதில்ல. வீதில எல்லாருக்கும் போட்டுக் குடுத்தீங்க. எனக்கு இல்லையா?" அப்புறம் சொன்னாள்: "எங்கப்பா எனக்குன்னு ஒண்ணும் செஞ்சதில்லைங்க அத்தே. ஒரு நாள் பக்கத்துல உக்கார வெச்சுப் பேசுனதில்ல. எனக்கு எல்லாத்துக்கும் நீங்கதான் செஞ்சீங்க."

அண்ணா, அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, போட்டுத் தருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன்.

பெட்டியில் இருந்து அந்த ஏழு வரிசையை எடுத்தேன். மீதியை எப்படியாவது முடித்துவிடலாம், அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எட்டாவது வரிசை கோணிக்கொண்டு போனது. அவிழ்த்தேன். மறுபடி பின்னினேன், மறுபடி கோணல். நீங்கள் எப்படி முடிச்சுப் போட்டீர்கள் என்று பார்ப்பதற்காக உங்கள் முடிச்சு ஒன்றை லேசாகத் தளர்த்தினேன். அதைப் பார்த்து மாட்டத் தெரியவில்லை. அதற்கு முந்தினதைத் தளர்த்தினால் தெரியும் போலிருந்தது. இப்படியே ஒன்றுக்கு ஒன்று பிடித்துக்கொண்டு போய், அடி வரைக்கும் போய்விட்டேன். கடைசி முடிச்சு கையோடு வந்தபோதுதான் என்ன செய்துபோட்டேன் என்று உறைத்தது. மடி நிறைய வயர். ஒவ்வொன்றும் நீங்கள் மடக்கிய மடக்கோடு, சுருண்டு சுருண்டு கிடந்தது. உருவி உருவிப் பார்த்தேன், நேராகவில்லை. சரசக்காவிடம் கொண்டுபோகலாம் என்றால் அவள் மகனோடு திருப்பூர் போய் வருஷமாயிற்று. இருந்தாலும் என்ன கேட்பேன்? நான் பின்னுவேன் என்று ஊருக்கே சொன்னவள் அவள்தான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மேகலா வந்தாள். "கூடை ஆயிருச்சுங்களா அத்தே?" என்றாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். உங்கள் வாக்கை மீறித்தான் சொன்னேன். முதல் கூடையில் இருந்து, தூக்குப்போசி அளந்தது, சீர் அன்றைக்குக் கைப்பிடி சாய்ந்தது, உங்கள் விரல் கோடு எல்லாம் சொன்னேன்.

அவள் முதலில் சிரித்தாள். "எங்கப்பாவா? கூடையா? போங்கத்தே." நான் அழுவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். பெட்டியைத் திறந்து அந்த வயர்க் குவியலைக் காட்டினேன். "இதா பாரு கண்ணு, இது உனக்குன்னு உங்கப்பா ஆரம்பிச்சது. நாந்தான் அவுத்துப்போட்டேன்." அவள் ஒரு வயரை எடுத்துப் பார்த்தாள். பழைய வயர். அதில் என்ன தெரியும்? யார் கை என்று அதில் எழுதியா இருக்கிறது?

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, முடியலைன்னா பரவாயில்லைங்க. கண்ணு மங்கிருச்சு, கை நடுங்குது, நான் புரிஞ்சுக்க மாட்டனா? அதுக்காக எங்கப்பாவ நல்லவராக் காட்டோணும்னு இப்புடியெல்லாம் சொல்லோணுமா? அவர் மேல இருந்த வருத்தமெல்லாம் எனக்கு ஆறிப்போச்சுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். பாசத்தோடு நம்ப மாட்டேன் என்கிறவளிடம் என்ன சண்டை போடுவது?

அண்ணியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். தங்கச்சி வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று அத்தனை வருஷம் கேட்ட மனுஷி. நீங்கள் உயிர் போய்க் கிடந்த பெஞ்சில் வைத்துக் கேட்டபோதும் பொய் சொன்னவள் நான். இப்போது போய் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவில்லை.

கல்யாணத்துக்குக் கடையில் விற்கிற கூடை ஒன்று வாங்கினேன். மஞ்சளும் ஊதாவும். மேகலா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். புருஷன் வீட்டுக்குப் போகிறபோது பலகாரத்தை அதில் வைக்கவில்லை. பழைய மயில் கழுத்துக் கூடையில் வைத்துக்கொண்டாள். "எனக்கு எங்கத்தை பின்னுனதுதான் வேணும்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துக் கண் துடைத்தார்கள். நீங்கள் இருந்தால் கைப்பிடியைத்தான் பார்த்திருப்பீர்கள். அதில் சாய்வே இல்லை அண்ணா. நான் பார்த்தேன்.

அவளிடம் இருந்து மாதம் ஒரு கார்டு வருகிறது. போன வாரம் எழுதியிருந்தாள்: மாமியார் அந்தக் கூடையைக் கையில் எடுத்து, இப்படி ஒரு முடிச்சை நான் எங்கேயும் பார்த்ததில்லை, யார் பின்னியது என்று கேட்டார்களாம். இவள் என் பேரைச் சொன்னாளாம். அவர்கள் தங்கள் நன்றியை எழுதச் சொன்னார்களாம். அடியில் மேகலா தன் நன்றியையும் தனியாக எழுதியிருக்கிறாள். எனக்கு நீங்கள் இல்லாவிட்டால் யார் இருந்தார்கள் அத்தை என்று கேட்டிருக்கிறாள்.

இந்தத் தடவை அவளுக்கு எழுதிச் சொல்லிப் பார்க்கலாம் என்று பேனாவை எடுத்தேன். நம்ப மாட்டாள். அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று வருத்தப்படுவாள், பொள்ளாச்சியில் இருந்து பஸ் ஏறி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நான் சும்மா இருந்தால், சாகும்வரைக்கும் அப்பா தனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். எனக்கு எது செய்வது என்று தெரியவில்லை அண்ணா. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சத்தமாகச் சொன்னாலும் சரி.

சரசக்கா சொன்னது, பெண்ணைப் பெற்றவர்கள் சொன்னது, சீர்ப் பந்தலில் பெண்டுகள் சொன்னது, மேகலா காலில் விழுந்தது, இப்போது பொள்ளாச்சியில் இருந்து வந்தது. எல்லாம் உங்களுக்கு வரவேண்டியது. எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. எங்கே கொண்டுவந்து கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
அம்மிணி